வீட்டுக்குப் போன் போடுவதற்கு முன்

"கஞ்சாவான்னு கேட்டேன் மேடம். அதெல்லாம் இல்ல, அதைவிட மோசம்னு சொன்னாரு ஃபாதர்."

வேலூர் சத்துவாச்சாரியில் என் உளவியல் ஆலோசனை அறைக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது இதுதான். குடியாத்தம் பக்கம் லுங்கித் தறி ஓட்டுகிறவர். போன் வந்த அன்றைக்கே ரயிலேறிப் போய், மகனைக் கல்லூரி விடுதியிலிருந்து கூட்டி வந்திருந்தார். பையன் பக்கத்து நாற்காலியில், மடியில் இருந்த பையைக் கீழே வைக்காமலே உட்கார்ந்திருந்தான். வயது 19, இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இன்னொரு பையனுக்கு அவன் காதலாக அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை ரூம்மேட் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்ப, அது சுற்றிச் சுற்றி வார்டன் ஃபாதர் கைக்குப் போய்விட்டது.

அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அது ஒரு கத்தோலிக்கக் கல்லூரி, நம் மாவட்டத்தில் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் ஆளாளுக்கு ஊகிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

நானும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள்தான். அதனால் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தன் பாலினத்தவரையே விரும்பும் (தன்பாலீர்ப்பு) பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி வருகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஃபாதர்கள் நடத்தும் கல்லூரி, சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி என்றால் தனி மரியாதை. இந்து, முஸ்லிம் குடும்பங்களும் தேடிப் போய்ச் சேர்ப்பது "அங்கே ஒழுக்கமா வளர்ப்பாங்க" என்று நம்பித்தான். அதனால் ஃபாதர் ஒன்று சொன்னால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவர் "மோசம்" என்றால் தறிக்காரருக்கு அது மோசம்தான், கஞ்சாவைவிட.

கல்லூரிகளில் பாகுபாடு பெரும்பாலும் திட்டிக்கொண்டு வருவதில்லை. அக்கறையாகத்தான் வரும். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவார்கள். பாடற்குழுவிலிருந்து சத்தமில்லாமல் பெயரை எடுப்பார்கள். "கொஞ்ச நாள் வீட்டிலிருந்து வந்து படி" என்பார்கள். இதையெல்லாம் ஒரு பிள்ளை எப்படியோ தாங்கிவிடும். வீட்டுக்குப் போகிற அந்த ஒரு போனைத்தான் தாங்க முடிவதில்லை. கேலியும் கிண்டலும் விடுதியோடு போகும். வீடு என்பது சோறு போடுகிற இடம், ஃபீஸ் கட்டுகிற இடம். அதுவும் கைவிட்டுப்போனால் எங்கே போவான்? பெண்பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம்: அந்த செமஸ்டர் பரீட்சைகூட எழுத விடாமல் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். தற்கொலைக்கு முயன்று பிழைத்து என்னிடம் வந்த பிள்ளைகளிடம் "எப்போது அந்த எண்ணம் வந்தது?" என்று கேட்டால், பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: "வீட்டுக்குச் சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சப்ப."

19 வயதுப் பிள்ளை சட்டப்படி மேஜர். அவன் யாரை விரும்புகிறான் என்று அப்பாவிடம் சொல்லும் பொறுப்பை எந்தச் சட்டமும் வார்டனுக்குக் கொடுக்கவில்லை.

சரி, அன்றைக்கு வருவோம். அப்பா மஞ்சப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பையன் "நார்மலாக" இருக்கிறான் என்று உளவியல் நிபுணரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் விடுதியில் மீண்டும் சேர்ப்பார்களாம். அவர் முதலில் பாகாயம்தான் போகக் கிளம்பியிருக்கிறார். வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; இங்கே பாகாயம் என்றாலே மனநல ஆஸ்பத்திரி. யாரோ உறவுக்காரர் "அதுக்கு முன்னாடி இங்க காட்டு" என்று என் முகவரியைக் கொடுத்திருக்கிறார்.

அப்படியொரு சான்றிதழை நான் கொடுக்க முடியாது, ஏனென்றால் இது நோயே இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1990-ல். இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின்கீழ் குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. "மாற்றிக் காட்டுகிறேன்" என்று சிகிச்சை கொடுப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தடை செய்யச் சொன்னது; டாக்டர் யாராவது செய்தால் அது தொழில் ஒழுக்கக்கேடு என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது.

அந்த 2021 வழக்கைப் பெற்றோர் எல்லோரிடமும் சொல்வேன். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் பிடிபடவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவு எழுதினார். "ஜட்ஜே போனாரா?" என்று தறிக்காரர் இரண்டு முறை கேட்டார். அதற்கப்புறம்தான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சபையின் போதனை இருக்கிறதே" என்று சில ஃபாதர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஓரினச் சேர்க்கையைத் தவறு என்றுதான் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் சொல்கிறது. ஆனால் அதே நூலின் 2358-ஆம் எண்ணில், இவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்றும் இருக்கிறது. முதல் பாதியை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இரண்டாவது பாதியை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அமெரிக்காவில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் இது கோர்ட் வரை போனது. தன்பாலீர்ப்பு மாணவர்களின் அமைப்புக்குப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் தர வேண்டியதில்லை, ஆனால் மற்ற அமைப்புகளுக்குத் தரும் வசதிகளை மறுக்கக் கூடாது என்று 1987-ல் தீர்ப்பு வந்தது. 2008-ல் அதே பல்கலைக்கழகம் இந்த மாணவர்களுக்கென்று ஒரு மையமே திறந்தது. போதனையை மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. விடுதி அறையைப் பிடுங்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் ஊரிலும் இதற்கு விதி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ராகிங் தடுப்பு விதிமுறைகள் 2009-ல் வந்தன. 2016-ல் செய்த திருத்தத்தின்படி, ஒரு மாணவரைப் பாலினத்தையோ பாலீர்ப்பையோ காட்டிக் கொடுமைப்படுத்துவதும், சேர்க்காமல் ஒதுக்குவதும் ராகிங்தான். திருநர் (திருநங்கை, திருநம்பி) மாணவர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த விவகாரத்தில் விசாரிக்க வேண்டியது படம் பிடித்து அனுப்பிய ரூம்மேட்டை. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. திருநர் மாணவர்களுக்கு 2019-ஆம் ஆண்டின் தனிச்சட்டமும் இருக்கிறது. கல்வி நிறுவனத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. புகார் எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது வராந்தாவோடு போய்விடும்.

நான் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. 'இவருக்கு மனநோய் எதுவும் இல்லை. விடுதியில் தங்கிப் படிக்க எந்தத் தடையும் இல்லை.' அப்பா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சரியாயிடுச்சுன்னு போடலையே மேடம்?" என்றார். "கெட்டிருந்தாத்தானே சரியாகறதுக்கு, அண்ணா" என்றேன்.

கல்லூரி அவனை வகுப்பில் சேர்த்துக்கொண்டது, விடுதியில் இடம் கொடுக்கவில்லை. வெளியே ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறான். விடுதி ஃபீஸைவிட அதற்கு வாடகை அதிகம், அதற்காக அப்பா ராத்திரியிலும் தறி ஓட்டுகிறார்.

அன்றைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே அவர் மகனைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வீட்ல அம்மாகிட்ட கஞ்சான்னே சொல்லிடவா?"

அதுவரை வாயே திறக்காதவன், "வேணாம்பா," என்றான். "கஞ்சான்னா அம்மா இன்னும் அழும்."