கொத்தமல்லி விழுதை எண்ணெய் ஊற்றி மூடி வைத்திருக்கிறீர்களா?

இன்னொருவரும் கேட்டுவிட்டார். தொட்டியில் கொத்தமல்லி அமோகமாக வந்ததாம். பூண்டு சேர்த்துப் பச்சையாக அரைத்து, பாட்டிலில் அமுக்கி, மேலே விரல் தடிமனுக்கு எண்ணெய் ஊற்றி அடுப்படி அலமாரியில் வைத்திருக்கிறாராம். "ஒரு வாரம் ஆச்சு, பூஞ்சை ஒண்ணும் வரலை. சாப்பிடலாம்தானே?"

உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கொட்டிவிடுங்கள் என்றேன். "வீட்டுல விளைஞ்சதுங்க, மருந்தே அடிக்கலை" என்றார். மருந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எண்ணெய் செய்வது ஒரே வேலை: காற்றைத் தடுக்கிறது. காற்று இல்லாவிட்டால் பூஞ்சை வராது, அது சரி. ஆனால் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்குக் காற்று இல்லாத இடம்தான் வேண்டும். அதன் ஸ்போர்கள், அதாவது விதை போல உறங்கிக் கிடக்கும் வித்துகள், மண்ணில் இருப்பவை. கொத்தமல்லியும் மண்ணிலிருந்து வருகிறது, பூண்டும் மண்ணிலிருந்து வருகிறது. எவ்வளவு அலசினாலும் ஸ்போர் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஈரமான, புளிப்பில்லாத விழுதை எண்ணெய்க்கு அடியில் வெளியே வைத்தால், அது முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்க எல்லா வசதியும் செய்து கொடுத்தாயிற்று. அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்பதை நாங்கள் ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

எலுமிச்சை பிழிந்தேனே என்பார்கள். விழுது முழுக்க பி.எச். (புளிப்பின் அளவு; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இறங்கினால்தான் அது காப்பாற்றும். அரை மூடி பிழிந்ததில் இறங்கியதா என்று நாக்கு சொல்லாது. கொதிக்க வைத்தால் போச்சு என்பவர்களுக்கு: சாதாரணக் கொதியில் ஸ்போர் சாவதில்லை.

இப்படி எதையாவது சாப்பிட்டபின் பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் தெரியும். சிலருக்குச் சில நாள் கழித்தும் வரும். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, மிஞ்சிய கொத்தமல்லியை என்ன செய்வது? எண்ணெயில் அரைத்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள், 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்தான். தண்ணீர் விட்டு அரைத்து ஐஸ் ட்ரேயில் ஊற்றி, உறைந்ததும் கட்டிகளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அடுப்பை அணைக்கும் நேரத்தில் ஒரு கட்டி போட்டால் போதும். அரைக்காமல் இலையாகவே உறைய வைத்தால் துவண்டு நிறம் மங்கும், அலங்காரத்துக்கு ஆகாது, சமையலுக்குப் பழுதில்லை. தண்டை எறியாதீர்கள், மணம் அதிலும் இருக்கிறது. வெயிலில் காய வைத்தால் மணம் பறந்து வெறும் பச்சைத்தூள்தான் மிஞ்சும்.

இன்னொன்று, எரு. மக்காத சாணத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு இலையைப் பச்சையாகத் தூவிச் சாப்பிடாதீர்கள், தயவுசெய்து. மண்ணை ஒட்டி விளையும் உணவுக்கு, மக்காத எரு போட்டபின் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. கொத்தமல்லிக் கீரைக்கு ஆயுளே ஏறக்குறைய 40 நாள். நன்றாக மக்கிய உரம் மட்டும் போடுங்கள். வேரை வெட்டிவிட்டு, ஓடும் தண்ணீரில் கொத்தைப் பிரித்துக் கழுவுங்கள். பாத்திரத்தில் முக்கி எடுப்பது கழுவுவது ஆகாது, மண் திரும்ப இலையிலேயே ஒட்டும்.

இவ்வளவு மிஞ்சுவதே விதைப் பாக்கெட்டை ஒரேயடியாகக் கொட்டுவதால்தான். பாதித் தொட்டி இப்போது, மீதி இரண்டு வாரம் கழித்து. வெயில் ஏறிப் பூத்துவிட்டால் பிடுங்காமல் விடுங்கள், விதை கிடைக்கும். நன்றாகக் காய்ந்த விதை டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும், அதற்கு எண்ணெயும் வேண்டாம், ஃப்ரீசரும் வேண்டாம்.