நேராக வெட்டிய துணி ஏன் கோணுகிறது?

குயில்ட் எனப்படும் ஒட்டுப்போர்வைக்கு மூன்று அடுக்குகள். மேலே சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துத் தைத்த முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் அகலமான ஒரே துணி. இந்த அடித்துணிக்கென்றே 108 அங்குல அகலத்தில் பருத்தித் துணி கிடைக்கிறது. அதில் 3 மீட்டர் எடுத்தால் எட்டு சதுர மீட்டருக்கு மேல் வரும். சதுர மீட்டருக்கு 150 கிராம் என்று வைத்துக்கொண்டால் எடை சுமார் 1.2 கிலோ. மேசையில் விரித்து, ஸ்கேல் வைத்து, கோடு பிசகாமல் வெட்டுகிறோம். எடுத்துப் பார்த்தால் ஓரம் வளைந்திருக்கிறது. பெரும்பாலும் இது கையின் குற்றம் அல்ல; வெட்டும்போது துணி எப்படிக் கிடந்தது என்பதைப் பொறுத்தது.

நெய்த துணியில் நூல்கள் இரண்டே திசைகளில் ஓடுகின்றன: நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை. அவை சந்திக்கும் இடங்களில் எந்தப் பசையும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி, உராய்வின் பலத்தில்தான் நிற்கின்றன. தறியில் பாவு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் அந்தத் திசையில் துணி அதிகம் நீளாது. ஊடைப் பக்கம் கொஞ்சம் இளகும். மூலைவாட்டில், அதாவது 45 பாகையில் இழுத்தால் கதையே வேறு. நாலு மூங்கில் குச்சிகளை மூலைகளில் கயிற்றால் கட்டிச் சதுரமாக்கி, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். எந்தக் குச்சியும் நீளாது, ஆனால் சதுரம் சாய்ந்துவிடும். துணியின் ஒவ்வொரு கட்டத்திலும் நடப்பது இதுதான். நூல் நீளாமலேயே துணி நீள்கிறது. கிராஸ் கட் பிளவுஸ் உடம்போடு படிவதற்கும் இந்தக் குணமே காரணம்.

பிளவுஸுக்கு உதவும் இந்தக் குணம் பெரிய துணியை வெட்டும்போது எதிரியாகிவிடுகிறது. துணியில் பாதி மேசைக்குக் கீழே தொங்கினால், அந்த எடை மேலே கிடக்கும் கட்டங்களைச் சாய்த்து இழுக்கும். சாய்ந்த நிலையில் நேராக வெட்டுகிறோம். இழுப்பு விட்டதும் கட்டங்கள் தம் இடத்துக்குத் திரும்ப, கோடு வளைகிறது. அதனால் தொங்கும் பகுதியை நாற்காலி போட்டாவது தாங்க வேண்டும். அதற்கும் வசதி இல்லையென்றால் தரையில் விரிப்பதே மேல். வெட்டுவதற்கு முன் கஞ்சி போட்டு இஸ்திரி செய்வதும் வெறும் மினுக்குக்காக அல்ல. நூல்கள் சந்திக்கும் இடங்களைக் கஞ்சி ஒட்டிப் பிடிப்பதால் கட்டங்கள் எளிதில் சாய்வதில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் நாமே துணியைக் கோணலாக்கிவிடுவோம். தூக்கித் தூக்கி வைத்து அழுத்துவதுதான் சரி.

அப்புறம் மடிப்பு. அகலத் துணியை இரண்டாக மடித்துத்தான் பட்டைகளாக வெட்டுவார்கள். மடிப்புக்கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டாமல் ஒரு பாகை தவறினால், விரிக்கும்போது பட்டையின் நடுவில் முழங்கை மடங்கியதுபோல் இரண்டு பாகை வளைவு விழும். மடிப்பின் இரு பக்கமும் அதே தவறு எதிரெதிராகப் பதிவதால் இப்படி இரட்டிக்கிறது. கடையில் வெட்டிய முனைகளைப் பொருத்தி மடிப்பதுதான் பலரும் செய்வது. அந்த முனைகளை நம்பக் கூடாது. துணியின் நீளவாட்டில் இருபுறமும் தறியிலேயே முடிந்த ஓரங்களான கரைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டு, மடிப்பில் சுருக்கம் மறையும் வரை ஒரு கரையை மெல்ல நகர்த்த வேண்டும். முனைகள் பொருந்தாமல் போனால் போகட்டும், அவற்றைப் பிறகு சீராக்கிக்கொள்ளலாம்.

கத்தரிக்கோலின் ஒரு அலகு துணிக்கு அடியில் போக வேண்டியிருப்பதால், ஒவ்வொரு வெட்டுக்கும் துணி சற்றுத் தூக்கப்படுகிறது; அடுக்குகள் நழுவுகின்றன. ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த உருளும் வட்டக் கத்தி இதை மாற்றியது. அது துணியைத் தூக்காமல் பலகையோடு அழுத்தியபடியே வெட்டும். பட்டைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பிசகினால்கூட 20 பட்டைகளில் 3 சென்டிமீட்டர் சேர்ந்துவிடும் என்பதால், இந்தக் கருவி குயில்ட் வேலையைத் துல்லியமாக்கியது; வேகமாகவும் ஆக்கியது.

ஆனால் மூன்று மீட்டர் நீளத்துக்கு எந்தக் கத்தியையும்விட நான் நம்புவது கிழிப்பதைத்தான். ஜவுளிக்கடையில் பாப்ளினைக் கத்தரியால் சிறிது நறுக்கி, சர்ரென்று கிழித்துக் கொடுப்பார்களே, அதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. இழுக்கும் விசை முழுவதும் கிழிசலின் நுனியில் உள்ள சில நூல்களின் மேல் மட்டும் விழுகிறது. அவை அறுந்ததும் அடுத்தவை மாட்டுகின்றன. அறுபடுவன குறுக்கே வரும் நூல்கள். கூடவே ஓடும் நூல் வழிகாட்டுகிறது. அதனால் கிழிசல் நூலை விட்டு விலகாது. ஓரத்தில் அரை அங்குலம் அலைஅலையாகச் சுருளும், அதை அழுத்தி நறுக்கிவிட்டால் போதும். பின்னலாடைத் துணியில் இது நடக்காது, அங்கே நேரான பாவும் ஊடையும் இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. ஆலையில் உருளைகளுக்கிடையே ஓடும்போது சில சமயம் ஊடை சாய்ந்துவிடும், அதன் மேலேயே அச்சும் விழுந்திருக்கும். அப்போது கிழித்த கோடும் அச்சிட்ட கட்டமும் ஒத்துப்போகாது. துணியின் எதிர்மூலைகளைப் பிடித்து இழுத்தால் நூல் நிமிரும், ஆனால் அச்சு கோணும். முகப்பில் வரும் சிறு துண்டுகளுக்கு அச்சின்படியே வெட்டலாம், கண் முதலில் கோட்டைத்தான் பார்க்கும், சுற்றியுள்ள தையல் துணியைப் பிடித்துக்கொள்ளும். அடித்துணிக்கு நூலின்படிதான் வெட்ட வேண்டும்.