பட்ட மரம் பாதியில் மாட்டிக்கொண்டால்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகளிலும் சரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரத்துக் காட்டோரக் கொல்லைகளிலும் சரி, பட்ட மரம் வெட்டுகிற இடத்தில் இது அடிக்கடி நடக்கும். அடியில் அறுத்தாயிற்று. மடமடவென்று முறிகிற சத்தமும் கேட்டாயிற்று. ஆனால் மரம் தரைக்கு வரவில்லை. வரப்போரத்துப் புளிய மரத்தின் கவட்டையில் போய்ச் சாய்ந்து நிற்கிறது.

அங்கே நிற்கிறவர்களில் ஒருவர் உடனே சொல்வார்: "ஏண்ணா, கீழேயிருந்து ரெண்டடி ரெண்டடியா அறுத்துக்கிட்டே போனா அதுவா இறங்கிடும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாட்டிக்கொண்ட மரத்தில் ஆளைக் கொல்கிற வேலைகளில் அதுதான் முதல் வரிசையில் இருக்கிறது. ஏன் என்று புரிந்துவிட்டால், யாரும் தடுக்காமலே கை ரம்பத்தைக் கீழே வைத்துவிடும்.

சாய்ந்து நிற்கிற மரத்தைச் சுவரில் சாத்திய ஏணியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் மேல்முனை சுவரைத் தள்ளுகிறது, சுவர் அதே அளவு திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்கி ஏணியின் காலை நகரவிடாமல் வைத்திருப்பது தரையின் உராய்வு ஒன்றுதான். 12 மீட்டர் நீளம், 500 கிலோ எடையுள்ள ஒரு வேப்ப மரம் என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் அடியிலிருந்து 5 மீட்டரில், முட்டுக்கொடுத்திருக்கிற இடம் 10 மீட்டரில். மரம் தரையோடு 75 டிகிரியில் நிமிர்ந்து நின்றால் அடிமரம் பின்னால் தள்ளுகிற விசை சுமார் 67 கிலோ எடைக்குச் சமம். 60 டிகிரிக்குச் சாய்ந்தால் 144 கிலோ. 45 டிகிரி என்றால் 250 கிலோ. வழவழப்பான சுவரை வைத்துப் போட்ட கணக்கு இது. கவட்டையிலோ கிளையிலோ மாட்டியிருந்தால் எண்கள் கொஞ்சம் மாறும். திசை மட்டும் மாறாது. மேலே பிடி விட்டதும் அடிமரம் பாய்வது, மரம் விழப்போன திசைக்கு நேர் எதிரே, பின்பக்கமாக. அறுத்தவர் பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பதும் அங்கேதான்.

இதில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிற ஆற்றலையும் பார்த்துவிடலாம். அதே மரம் 60 டிகிரியில் நிற்கும்போது அதன் எடை மையம் தரையிலிருந்து 4.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எடை, புவியீர்ப்புக்கான 9.8, உயரம் மூன்றையும் 500 × 9.8 × 4.3 என்று பெருக்கினால் ஏறக்குறைய 21,000 ஜூல். மரம் பாதி விழுந்துவிட்டது, பாதி ஆபத்து போய்விட்டது என்று மனசு சொல்லும். உண்மையில் விழுவதற்கான ஆற்றலில் பெரும்பங்கு இன்னும் மேலேயே இருக்கிறது. முன்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது வேர். இப்போது பிடித்துக்கொண்டிருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஏதோ ஒரு கிளை.

சரி, அடியிலிருந்து துண்டு துண்டாக அறுத்தால் என்ன ஆகிறது? இரண்டடித் துண்டு ஒன்று கழன்றதும் மேலே மிச்சமிருக்கிற மரம் அப்படியே செங்குத்தாகக் கீழே இறங்கித் தரையில் குத்தும். அறுத்தவரின் கால் அந்த இடத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருக்கும். முதல் துண்டில் தப்பித்தாலும், மேல்முனை மாட்டிய இடத்திலேயே இருக்க, மரத்தின் நீளம் மட்டும் குறைந்திருக்கிறது. அதனால் முன்பைவிட நிமிர்ந்து நிற்கிறது. இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு என்று போகப் போக இன்னும் நிமிரும். சாய்வு இருந்தவரை எந்தப் பக்கம் விழும் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. கிட்டத்தட்ட நேராக நிமிர்ந்த பிறகு அது இடதோ வலதோ, அறுக்கிறவர் தலைமேலோ, எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஒவ்வொரு வெட்டும் வேலையைச் சுலபமாக்குவது போலத் தோன்றிக்கொண்டே ஆபத்தைக் கூட்டுகிறது.

முட்டுக்கொடுக்கிற மரத்தை வெட்டிவிடலாம் என்பது அடுத்த யோசனை. அந்த மரம் தன் எடையோடு இன்னொரு மரத்தின் எடையையும் சுமந்து, வளைந்து, விறைத்து நிற்கிறது. அதில் ரம்பம் பட்டால் பாதி அறுக்கும் முன்பே அடிமரம் நெடுக்காகப் பிளந்து மேலே எகிறலாம். பிறகு இரண்டு மரமும் சேர்ந்து வரும். இன்னொரு மரத்தை அதன்மேல் சாய்த்து அடித்துத் தள்ளப் பார்ப்பது ஒரு சிக்கலை இரண்டாக்குகிற வேலை. மாட்டிய மரத்தின்மேல் ஏறி உலுக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல நாடுகளின் வனத்தொழில் பாதுகாப்பு விதிகள் இந்த எல்லாவற்றையும் தடை செய்திருக்கின்றன.

பச்சை மரம் மாட்டினாலே இவ்வளவு. பட்ட மரம் இன்னும் மோசம். காய்ந்த மரத்துக்குப் பலமில்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். அது முழு உண்மையில்லை. உயிர் மரத்தின் கட்டையில் ஈரம் நிறைய இருக்கும். ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் மரம் சுருங்கிக் கெட்டியாகிறது. பூச்சி, பூஞ்சை படாமல் காய்ந்த கட்டை பச்சைக் கட்டையைவிட அதிக பாரம் தாங்கும். வீட்டு உத்தரத்துக்குக் காய்ந்த மரத்தைத் தேடுவது அதனால்தான். அப்புறம் பட்ட மரத்தில் சிக்கல் எங்கே? வளையாது. பச்சை நார் வளைந்து கொடுத்து மெதுவாக முறியும். காய்ந்த நார் கடைசிவரை விறைப்பாக நின்று சட்டென்று ஒடியும்.

மரம் வெட்டுவதில் இந்த வளைவுதான் உயிர்நாடி. விழவேண்டிய பக்கத்தில் அடிமரத்தின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வாய் வெட்டுவார்கள். பிறகு பின்பக்கமிருந்து அறுத்து வந்து, முழுக்க அறுக்காமல், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு அறுபடாத கட்டையை ஒரு கீற்றாக விட்டுவைப்பார்கள். 40 சென்டிமீட்டர் மரத்தில் 4 சென்டிமீட்டர். அந்தக் கீற்றுதான் கீல். மரம் சாயும்போது அது வளைந்து, மரத்தைத் திசை மாறவிடாமல் பிடித்துக்கொண்டு, கடைசியில் முறிகிறது. பட்ட மரத்தில் கீல் பாதி வழியிலேயே ஒடிந்துவிடும். அதன் பிறகு மரத்துக்குத் திசை கிடையாது. குறி வைத்தது காலி இடத்துக்கு, போய் விழுவது பக்கத்து மரத்தின்மேல். பட்ட மரங்கள் அதிகமாக மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

உளுத்துப்போயிருந்தால் பலமும் போய்விடுகிறது. பூஞ்சை புகுந்த கட்டையில் எடை கொஞ்சம்தான் குறைந்திருக்கும். ஆனால் அடிபட்டால் உடையாமல் தாங்குகிற திறன் அதற்குள் பெருமளவு கரைந்திருக்கும். வெளிப்பட்டை நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் தலைக்கு நேரே காய்ந்த கொம்பு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தட்டுகிற அதிர்வே அதை இறக்கிவிடும். கெட்டிக் கட்டை "டக்" என்று கூர்மையாகச் சத்தம் தரும். உள்ளே பொந்தாகவோ கரையான் தின்றோ இருந்தால் மந்தமாக, கனத்த சத்தம் வரும். ரம்பம் வைத்த பிறகு துகளைக் கவனியுங்கள். நல்ல கட்டையிலிருந்து செதில் செதிலாக வெளிர் துகள் பறக்கும். பழுப்பு நிறத்தில் மாவாகக் கொட்ட ஆரம்பித்தால் கீல் நிற்க வேண்டிய இடத்தில் மரமே இல்லை என்று அர்த்தம். அந்த இடத்திலேயே ரம்பத்தை நிறுத்திவிட வேண்டும்.

பட்ட தென்னை தனி ரகம். அதற்கு வைரம் கிடையாது. கெட்டியான பகுதி வெளிச்சுற்றில் இருக்கிறது, உள்ளே பஞ்சு மாதிரி நார். பட்டுப்போய் நின்றால் உள்ளே மக்கி, ஆட்டியதும் நடுவில் ஒடிந்து மேல்பாதி தனியாக வரும். அதில் கீலை நம்பி வேலை செய்யவே கூடாது.

பட்ட மரத்தின் இன்னொரு ஆபத்து தலைக்கு மேலே. 3 கிலோ எடையுள்ள ஒரு காய்ந்த கொம்பு 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரைக்கு வரும்போது வேகம் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர், ஆற்றல் சுமார் 294 ஜூல். தொழிற்சாலைத் தலைக்கவசத்துக்கான ஐரோப்பியத் தரவிதி இ.என். 397-இல், 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறார்கள். அது 49 ஜூல். ஆறு மடங்கு வித்தியாசம். தலைக்கவசம் கட்டாயம் போட வேண்டும். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மாட்டிய மரத்துக்கு அடியில் நிற்கலாம் என்று நினைக்கக்கூடாது.

இறக்குவதற்கு நல்ல வழி, தூரத்தில் இருந்துகொண்டு அடிமரத்தைப் பின்னால் இழுப்பது. ஏணியின் காலைப் பிடித்து இழுத்தால் தலை சுவரை உரசிக்கொண்டே இறங்குவதைப் போலத்தான் இதுவும் இறங்கும். எந்த விசை ஆபத்தாக இருந்ததோ அதையே நமக்கு வேலை செய்ய வைக்கிறோம். அடிமரம் அடிக்கட்டையிலிருந்து முழுதாகக் கழன்றிருக்க வேண்டும். கொஞ்சம் நார் பிடித்துக்கொண்டிருந்தால் அதை அறுக்கிறேன் என்று சாதாரண ஆள் போகக்கூடாது. அது பழகியவர் வேலை.

நம் ஊரில் இழுப்பதற்கு டிராக்டர் கிடைக்கும். வடத்தை மரத்தின் அடியில், தரையை ஒட்டிக் கட்ட வேண்டும். வடத்தின் நீளம் மரத்தின் நீளத்தைப்போல இரண்டு மடங்குக்குக் குறையக்கூடாது. 12 மீட்டர் மரத்துக்கு 24 மீட்டர். டிராக்டரில் கீழே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பின்சக்கர அச்சுக்கு மேலே எங்கேயாவது கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுகிறவர்மேல் பின்னால் கவிழ்ந்துவிடும். இதைத் தெரியாமல் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வெடுக்கென்று இழுக்காமல், தளர்ச்சியை முதலில் எடுத்துவிட்டு, மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் விசை பல மடங்காகி வடம் அறும். நைலான் வடம் நன்றாக நீளும்; நீண்ட வடம் அறுந்தால் சேமித்த ஆற்றலையெல்லாம் ஒரே வீச்சில் திருப்பித் தரும். இரும்பு வடம் அவ்வளவு நீளாது, ஆனாலும் அறுந்தால் சவுக்காய்ச் சுழலும். வடம் ஓடுகிற நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

நேர் பின்னால் இடமில்லாவிட்டால் ஒரு கெட்டியான மரத்தில் கப்பி கட்டி, வடத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் இழுக்கலாம். செங்கோணமாகத் திரும்பினால் கப்பியைக் கட்டிய கயிற்றில் விழுகிற பாரம் இழுப்பைப்போல 1.4 மடங்கு. முழுதாகத் திரும்பி வந்தால் 2 மடங்கு. ஆகவே கப்பிக் கயிறு, இழுக்கிற வடத்தைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். வடம் திரும்புகிற மடிப்புக்கு உள்பக்கம் நிற்கக்கூடாது. கப்பி கழன்றால் அது பாய்வது அந்த உள்பக்கமாகத்தான். அடிமரம் மண்ணில் குத்திக்கொண்டு நகராவிட்டால் டிராக்டரை நிறுத்தி, வடத்தைத் தளர்த்திவிட்டுத்தான் யோசிக்க வேண்டும். மின்கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால், மின்வாரியம் லைனை அணைத்துத் தரும்வரை யாரும் வடத்தையே தொடக்கூடாது.

இன்றைக்கு இறக்க முடியவில்லை என்றால்? அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நிழலில் ஆடு மேயும். விறகுக்குக் கொம்பு பொறுக்க யாராவது வருவார்கள். ஆடிக் காற்று அடித்தால் சொல்லாமல் இறங்கும். இரண்டு மர நீளத்துக்கு வட்டமாகக் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டு, ஒரு ஆளைக் காவல் வைக்க வேண்டும். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்களிடமும் சொல்லிவிட வேண்டும்.

வேப்ப மரம் என்றதால் ஒன்று. சில வருஷமாக ஐப்பசி, கார்த்திகையில் வேம்பு நுனியிலிருந்து கருகி, தீயில் வாட்டியதுபோல நிற்பதைப் பார்க்கிறோம். ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சை அதற்கு முக்கியக் காரணம். அப்படிக் கருகிய மரங்களில் பல, பங்குனி சித்திரையில் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. பட்டையைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது பட்ட மரம் இல்லை. வெட்ட வேண்டாம்.

மரம் ஒருவழியாகத் தரைக்கு வந்ததும் எல்லோரும் ஓடிப்போய் மொய்ப்பார்கள். இரண்டு நிமிஷம் பொறுக்க வேண்டும். முட்டுக்கொடுத்திருந்த புளிய மரம் வளைவிலிருந்து நிமிர்ந்து ஆடும்போது அதன் ஒடிந்த கொம்புகள் இறங்கும். அண்ணாந்து பார்த்து, மேலே எதுவும் தொங்கவில்லை என்று தெரிந்த பிறகே பக்கத்தில் போக வேண்டும். கிடக்கிற மரத்திலும் விறைப்பு இருக்கும். இரு முனையும் மேட்டில் மாட்டி நடுவில் தொங்கினால் அதன் மேல்பக்கம் நெருக்கப்பட்டு, கீழ்ப்பக்கம் இழுபட்டு இருக்கும். மேலிருந்து அறுத்தால் வெட்டு மூடி ரம்பத்தைக் கவ்வும். அதனால் மேல்பக்கம் கொஞ்சம் அறுத்து, வெட்டு இறுகத் தொடங்கியதும் ரம்பத்தை எடுத்து, மீதியைக் கீழ்ப்பக்கமிருந்து மெதுவாக அறுக்க வேண்டும். தளி, அஞ்செட்டி மாதிரிச் சரிவான கொல்லைகளில் அறுக்கிறவர் எப்போதும் மேட்டுப் பக்கம்தான் நிற்க வேண்டும். துண்டு கழன்றதும் பள்ளத்துப் பக்கம் உருளும்.