பனங்காடையின் நீலம் எங்கே போனது?

காணும் பொங்கலன்று வீட்டில் எல்லோரும் டிவியில் அலங்காநல்லூர் பார்த்துக்கொண்டிருக்க, நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குக் கிளம்பிவிட்டேன். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. மலைப்பாறையில் வல்லூறு கிடைக்கும் என்று ஆசை. கிடைக்கவில்லை. மூன்று மணி நேரம் வெயிலில் காய்ந்ததற்குக் கண்மாய்க்கரை மொட்டைப் பனையில் ஒரு பனங்காடைதான் உட்கார்ந்திருந்தது.

உட்கார்ந்திருக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது, பழுப்பு மார்புதான் கண்ணில் படும். பூச்சியைப் பார்த்து இறக்கையை விரித்ததும் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக, அடடா! ஆனால் கரைக்கு அந்தப் பக்கம் போய் வெயிலுக்கு எதிரே எடுத்த படங்களில் அந்த நீலம் செத்துப்போயிருந்தது. எதிர்வெளிச்சத்தில் எதுவும் கறுக்கும்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் பனையடியில் கிடந்த நீல இறகு ஒன்றை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தால், மங்கல் பழுப்பு. வெயில் அதன் மேல் விழும்படி பிடித்தால் திரும்பவும் நீலம்.

விஷயம் என்னவென்றால், அந்த இறகில் நீலச் சாயமே கிடையாது. அதை அரைத்தால் பழுப்புத் தூள்தான் மிஞ்சும். இறகு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது, நம் நகத்தில் இருப்பதற்குப் பங்காளி முறை. இறகிழைக்குள் அந்தக் கெரட்டின், பிட்ட இட்லி மாதிரி துளைத்துளையாக, உள்ளே காற்றோடு இருக்கிறது. நல்ல இட்லியைப் போலவே துளைகள் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே இடைவெளி. அந்த இடைவெளி, இறகுக்குள் போகும் நீல ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி. அதனால் துளைகளில் பட்டுத் திரும்பும் நீல அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கின்றன, மற்ற நிறங்கள் அப்படிச் சேருவதில்லை. உள்ளே இறங்கும் மிச்ச ஒளியை அடியிலிருக்கும் மெலனின் என்ற கரும்பழுப்பு நிறமி விழுங்கிவிடுகிறது. எதிர்வெளிச்சத்தில் நீலம் சூரியன் பக்கமே திரும்பிவிடுவதால், நம் கண்ணுக்கு வருவது மெலனினின் பழுப்பு மட்டும்தான்.

வானத்தின் நீலம் போல இதுவும் வெறும் சிதறல்தான் என்று நெடுநாள் நம்பினார்கள். 1930களில் நம்ம சி.வி. ராமன் இதே பனங்காடை இறகை ஆராய்ந்து, அந்த விளக்கம் போதாது என்றார். 1998-ல் பறவையியலாளர் ரிச்சர்ட் பிரம் குழு வேறொரு நீலப் பறவையின் இறகை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, துளைகளின் ஒழுங்குதான் காரணம் என்று காட்டியது.

மயில் கதை வேறு. அங்கே மெலனின் குச்சிகளே வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன, அதனால் கோணம் மாறினால் நிறமும் மாறும். பனங்காடையின் துளைகள் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி என்பதால் அந்த மினுக்கு இல்லை.

அப்போ மீனாட்சி கையிலிருக்கும் கிளியின் பச்சை? அதிலும் இதே நீலம்தான், மேலே கிளிகள் மட்டுமே உண்டாக்கும் ஒரு மஞ்சள் நிறமி. அந்த மஞ்சளை உண்டாக்கும் மரபணு பழுதானால் என்ன ஆகும் என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. பறவைக் கடைக்குப் போய், கூண்டில் நீலமாக இருக்கும் லவ் பேர்ட்ஸைப் பாருங்கள்.