ஃபிளாட்டன் ஏன் ஃபிளாட் ஆனது?

"ரூபியில் ஃபிளாட்டன் என்று இருக்கிறது, ஸ்காலாவிலும் ஃபிளாட்டன் என்றே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் மட்டும் ஏன் ஃபிளாட் என்று வால் அறுந்து நிற்கிறது? இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? எங்களைப் போன்றவர்கள் யோசனை சொன்னால் கேட்பார்களா?" இணையதளங்கள் உருவாக்கும் வேலையில் இருக்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். ரூபி, ஸ்காலா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் நிரல் மொழிகள். ஃபிளாட்டன் என்பது ஒரு செயற்கூறின், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டின், பெயர். மூன்றில் முதல் கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதனால் மற்ற இரண்டையும் சுருக்கமாக முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதிய முதல் வடிவத்திலிருந்து வளர்ந்தது ஜாவாஸ்கிரிப்ட். இந்தக் கதை பலருக்கும் தெரியும். 1997 முதல் அதன் இலக்கணத்தை ஜெனீவாவில் இயங்கும் எக்மா என்ற தர அமைப்பு வெளியிடுகிறது. அதைப் பராமரிப்பது டிசி39 என்ற குழு. கூகுள், ஆப்பிள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட் ஆகிய பிரவுசர் நிறுவனங்களின் ஆட்களோடு வேறு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். யோசனை யாரிடமிருந்தும் வரலாம். ஆனால் குழுவுக்குள் இருக்கும் ஒருவர் அதைக் கையிலெடுத்து வாதாட வேண்டும். பூஜ்யம் முதல் நான்கு வரை கட்டங்கள் உண்டு. இடையில் 2.7 என்று ஒரு விசித்திரக் கட்டத்தையும் 2023இல் செருகினார்கள். வாக்கெடுப்பு கிடையாது, ஒருமித்த கருத்து வேண்டும். ஒரே ஒருவர் தகுந்த காரணம் சொல்லி மறுத்தாலும் யோசனை அங்கேயே நின்றுவிடும். கடைசிக் கட்டத்தை எட்டுவதற்கு, மொழியை ஓட்டும் செயலாக்கங்களில் குறைந்தது இரண்டு டெஸ்ட்262 என்ற சோதனைத் தொகுப்பில் தேற வேண்டும்.

இவ்வளவும் காகிதத்தில் இருக்கும் நடைமுறை. உண்மையில் எந்தக் கூட்டத்துக்கும் வராமலே மறுப்புரிமை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் உண்டு: யாரோ என்றோ எழுதிவிட்டுப் போன பழைய வலைப்பக்கம். அதை உடைக்கும் மாற்றம் எதுவும் மொழிக்குள் வர முடியாது. 'நல்' என்ற வெற்று மதிப்பின் வகையைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 'ஆப்ஜெக்ட்', அதாவது பண்புகளின் தொகுப்பு, என்று சொல்லும். இது பிழை என்று ஊருக்கே தெரியும். முதல் செயலாக்கத்தில் ஒவ்வொரு மதிப்பின் கடைசி சில பிட்டுகள் அதன் வகையைக் குறித்தன. ஆப்ஜெக்ட்டின் அடையாளம் 000. 'நல்' முழுக்க முழுக்கப் பூஜ்யம் என்பதால் அதுவும் ஆப்ஜெக்ட் வரிசையில் போய் நின்றுவிட்டது. திருத்தலாம் என்று பிற்பாடு ஒரு யோசனை வந்தது. அந்தப் பிழையை நம்பி எழுதப்பட்ட பக்கங்கள் உடையும் என்பதால் அது கைவிடப்பட்டது.

இனி ஃபிளாட்டன். மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைப்பது அரே. அரே ஒன்றுக்குள் அரேக்கள் இருந்தால் அவற்றைப் பிரித்து ஒரே வரிசையாக்கித் தரும் செயற்கூறு இது. [1, [2, 3], 4] என்பது [1, 2, 3, 4] ஆகிவிடும். நிரலாளர்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கடினமான கணிதம் எதுவும் இல்லை. எதிர்ப்பும் பெரிதாக இல்லை. மார்ச் 2018இல் ஃபயர்ஃபாக்ஸின் நைட்லி என்ற சோதனைப் பதிப்பில் அதைச் சேர்த்தார்கள். உடனே பிரபலமான இணையதளம் ஒன்று வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. தேடிப் பார்த்தால் அந்தத் தளம் மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரியை, அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பைப் பயன்படுத்தியிருந்தது.

2006இல் வெளிவந்தது மூடூல்ஸ். அரேக்களில் இல்லாத வசதிகளை அது தானே சேர்த்துக்கொண்டது. எல்லா அரேக்களுக்கும் பொதுவான 'புரோட்டோடைப்' என்ற ஆப்ஜெக்ட்டிலேயே தன் செயற்கூறுகளை வைத்துவிட்டது. புறம்போக்கில் வீடு கட்டிக் குடியேறியது போலத்தான். அன்றைக்கு அந்த நிலம் காலியாகக் கிடந்ததால் யாரும் கேட்கவில்லை. அப்படி அது வைத்தவற்றில் ஒன்றின் பெயர் ஃபிளாட்டன்.

பெயர் மோதல், அவ்வளவுதானே என்று இங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஏனென்றால் மூடூல்ஸ் தன் ஃபிளாட்டனை எடுத்து பிரவுசர் கொடுத்த ஃபிளாட்டனின் மேலேயே எழுதிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் நிரல் கூப்பிடும்போது கிடைப்பது மூடூல்ஸின் பழைய செயற்கூறுதான். பிரவுசரின் புதியது போன இடம் தெரியாது. அப்படியானால் எதுவுமே உடையக் கூடாது அல்லவா?

விடை பண்புகளின் கொடிகளில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓர் ஆப்ஜெக்ட்டின் பண்பு என்பது பெயரும் மதிப்பும் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியாத மூன்று கொடிகளும் அதோடு இருக்கின்றன. மதிப்பை மாற்றலாமா என்பது ஒன்று. பண்பை நீக்கவோ திருத்தி அமைக்கவோ அனுமதி உண்டா என்பது இன்னொன்று. மூன்றாவது இனுமரபிள் என்ற கொடி. ஆப்ஜெக்ட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஃபார்-இன் சுழற்சியால் ஒவ்வொன்றாகச் சுற்றிவரும்போது இந்தப் பண்பு கண்ணில் பட வேண்டுமா என்பதை அது சொல்கிறது. அரேக்களுக்கு மொழியே கொடுக்கும் செயற்கூறுகள் எல்லாவற்றிலும் இந்த மூன்றாவது கொடி இறங்கியே இருக்கும். இல்லாவிட்டால் ஓர் அரேயைச் சுற்றிவரும்போது உறுப்புகளோடு புஷ், பாப், மேப் எல்லாம் வந்து குவியும்.

நிரலாளர் சாதாரணமாக ஒரு சமக்குறி போட்டுப் புதிய பண்பை உருவாக்கினால் மூன்று கொடிகளும் ஏறிவிடும். ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பண்பு இருந்தால், அதே சமக்குறி மதிப்பை மட்டும் மாற்றும். கொடிகளைத் தொடாது. மொழியின் இலக்கணம் அப்படி.

மூடூல்ஸ் செய்த அடுத்த வேலையை இப்போது பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பட்டன், பத்தி, படம் போன்றவற்றின் தொகுப்பைப் பிடித்துக்கொள்ள 'எலிமென்ட்ஸ்' என்று ஒரு வகையை அது வைத்திருந்தது. அரேக்களுக்குக் கொடுத்த வசதிகள் எலிமென்ட்ஸுக்கும் கிடைக்க வேண்டும். அதனால் அரேயின் புரோட்டோடைப்பை ஃபார்-இன் போட்டுச் சுற்றி வந்து, கண்ணில் பட்டதையெல்லாம் எலிமென்ட்ஸுக்கு நகல் எடுத்தது. அந்த நாட்களில் ஃபிளாட்டன் மூடூல்ஸே புதிதாக உருவாக்கிய பண்பு. கொடி ஏறியிருந்தது, சுழற்சியின் கண்ணில் பட்டது, நகல் போய்ச் சேர்ந்தது. 2018இல் அந்தப் பெயரை பிரவுசர் முன்கூட்டியே வைத்திருந்தது, இறக்கிய கொடியோடு. மூடூல்ஸ் தன் செயற்கூறை அதில் எழுதியது; மதிப்பு மாறியது, கொடி இறங்கியபடியே இருந்தது. சுழற்சி அதைப் பார்க்காமல் கடந்து போய்விட்டது. எலிமென்ட்ஸுக்கு ஃபிளாட்டன் கிடைக்கவில்லை. எங்கோ அதைக் கூப்பிட்ட ஒரு வரியில் பக்கம் விழுந்தது.

எனக்கு இதில் தீராத வியப்பு. இரண்டு ஃபிளாட்டன்களும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இயங்கியிருந்தாலும் தளம் உடைந்திருக்கும். செயற்கூறு என்ன செய்கிறது என்பதற்கு இதில் பங்கே இல்லை. அந்தப் பெயரில் முன்கூட்டியே ஒன்று இருந்தது, அது போதுமாக இருந்தது.

சரி, ஃபிளாட்டனுக்கு மட்டும் கொடியை ஏற்றிவிடலாமே என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் அரேக்களைக் கவனக்குறைவாக ஃபார்-இன் போட்டுச் சுற்றும் பக்கங்களில் திடீரென்று ஃபிளாட்டன் ஓர் உறுப்பாக எட்டிப் பார்க்கும். அத்தகைய பக்கங்கள் மூடூல்ஸ் பக்கங்களைவிட மிக அதிகம். மூடூல்ஸைத் திருத்தி வெளியிட்டால்? லைப்ரரியைத் திருத்தினாலும், அதன் பழைய பிரதியைத் தன் சர்வரில் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போனவரை எங்கே போய்த் தேடுவது?

இந்தச் சிக்கலின் நடுவே குழுவில் ஒருவர் ஃபிளாட்டனுக்குப் பதில் 'ஸ்மூஷ்' என்று வைக்கலாம் என்று வேடிக்கையாக எழுதிப் போட்டார். நசுக்கிப் பிசைவது என்று பொருள். வேடிக்கை என்று தெரியாமல் உலகம் முழுவதும் நிரலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பழைய தளங்கள் உடைந்தால் உடையட்டும், மொழி அழகாக இருக்க வேண்டும் என்று வாதாடியவர்களும் நிறையப் பேர். மே 2018 கூட்டத்தில் ஃபிளாட் என்ற பெயர் முடிவாகி, 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. எண் கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைத்தால் வாழ்க்கை மாறும் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் பெயரின் வாலில் மூன்று ஆங்கில எழுத்தை வெட்டியதால் உண்மையிலேயே பலன் கிடைத்த நிகழ்வு ஒன்று உண்டென்றால் அது இதுதான். காரணத்தையும் கொடி வரை காட்டிவிடலாம்.

குழு செய்தது சரி என்பது என் கருத்து. பிஎச்பியோடு ஒப்பிட்டால் காரணம் புரியும். அதுவும் வலைக்கான மொழிதான். அங்கே யோசனைகளை வாக்கெடுப்புக்கு விடுகிறார்கள், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 0 என்ற எண்ணும் எண்ணே அல்லாத ஓர் எழுத்துச்சரமும் சமம் என்று சொல்லிக்கொண்டிருந்த பெரும் பிழையை 2020இல் வந்த பிஎச்பி 8 திருத்தியது. பழைய நிரல்கள் உடையும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். செய்ய முடிந்ததற்குக் காரணம், பிஎச்பி ஓடுவது தளத்துக்காரரின் சர்வரில். அவர் விரும்பும் வரை பழைய பதிப்பிலேயே இருக்கலாம். நிரலைத் திருத்திய பிறகு மாறிக்கொள்ளலாம். ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது படிப்பவரின் பிரவுசரில். எழுதியவருக்கும் ஓட்டுபவருக்கும் தொடர்பே கிடையாது. இரவோடு இரவாக பிரவுசர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் பழைய பக்கத்தைத் திறப்பவருக்கு மூடூல்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. மொழியின் அழகுக்காக அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

இதே கதை பலமுறை நடந்திருக்கிறது. அரேயில் ஒரு மதிப்பு இருக்கிறதா என்று பார்க்க 'கன்டெய்ன்ஸ்' என்று வைக்க நினைத்தார்கள். அங்கும் மூடூல்ஸ் குறுக்கே வந்தது, 2016இல் 'இன்க்ளூட்ஸ்' ஆகிவிட்டது. கடைசி உறுப்பை எளிதாக எடுக்க வந்த 'ஐட்டம்', வேறொரு பழைய லைப்ரரியோடு மோதியதால் 'அட்' ஆனது. உறுப்புகளை வகை பிரிக்கும் 'குரூப்பை' அரேக்குள் நுழையவே முடியாமல் ஆப்ஜெக்ட்டின் கீழே போய் உட்கார்ந்தது. அரேயின் புரோட்டோடைப்பில் இனி நல்ல பெயர் கிடைப்பது கடினம். புதிதாக ஒரு தனிப் பெயரின் கீழே தொடங்கும் வசதிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும், உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். உலக மொழிகளைக் கையாளும் இன்டல் என்ற பிரிவின் கீழ் வந்த 'செக்மென்ட்டர்' மூன்று என்று சரியாகப் பிரிக்கும். அதற்கு எந்தப் பழைய வீடும் குறுக்கே நிற்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தென்கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய ஈஎஸ்மீட்டா என்ற கருவி, ஜாவாஸ்கிரிப்ட்டின் தர ஆவணத்திலேயே பிழைகளைத் தானாகத் தேடிப் பிடிக்கிறது. ஆவணம் மாறும்போதெல்லாம் இப்போது அது ஓடுகிறது. பெரிய இயந்திரமோ ஆய்வுக்கூடமோ தேவைப்படாத ஆராய்ச்சி. நாலைந்து மாணவர்களுக்குச் சில ஆண்டுகள் உதவித்தொகை கொடுத்தால் போதும். நம் பல்கலைக்கழகங்கள் கட்டடத் திறப்பு விழாக்களுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இந்த மாதிரி வேலைக்கு ஒதுக்கினால் நான் குறைசொல்லமாட்டேன்.

வாசகரின் கடைசிக் கேள்விக்கு நேரடிப் பதில்: கேட்பார்கள். டிசி39 யோசனைகள் அனைத்தும் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வெளிப்படையாக இருக்கின்றன. யாரும் படித்துக் கருத்து எழுதலாம். அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்றும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் நைட்லியையோ குரோமின் கேனரி பதிப்பையோ நிறுவிக்கொண்டு, உங்கள் பொறுப்பில் இருக்கும் ஆகப் பழைய தளத்தை அவ்வப்போது திறந்து பாருங்கள். ஏதாவது உடைந்தால் கன்சோலில் வரும் பிழைச் செய்தியை அப்படியே நகலெடுத்து, எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து பிரவுசர்காரர்களுக்கு அனுப்புங்கள்.