வதந்தி: சொன்னது யாராம்?

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டுக் கைப்பேசிக்கு ஒரு படம் வந்துவிடும். 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு.' தொலைக்காட்சியில் ஓடுவது போலவே சிவப்புப் பட்டை, பெரிய எழுத்து. போன ஆண்டு அதைப் பார்த்ததும் என் மகள் வீட்டுப்பாட நோட்டை மூடிவிட்டாள். காலையில் பள்ளி வேன் வாசலில் வந்து ஹார்ன் அடித்தது. அவசர அவசரமாகக் கிளம்பியவள் மாலையில் திரும்பி வந்து சொன்னாள்: "அது வதந்தியாம்ப்பா."

அந்த வாக்கியத்தில் கவனிக்க இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று 'வதந்தி'. இன்னொன்று அதன் வாலில் தொங்கும் 'ஆம்'.

வதந்தி வடமொழியிலிருந்து வந்த சொல். 'வத்' என்றால் பேசு, சொல். வாதம், விவாதம், வாதி, பிரதிவாதி எல்லாம் இந்த வேரில் கிளைத்தவைதான். வதந்தி என்ற வடிவத்துக்கு வடமொழியில் 'சொல்கிறார்கள்' என்று பொருள். அங்கே ஊர்ப்பேச்சைக் குறிக்கும் சொல் 'கிம்வதந்தி'. கிம் என்றால் என்ன. ஆக, 'என்ன சொல்கிறார்கள்?' மலையாளத்தில் இன்றும் கிம்வதந்திதான். நாமும் கன்னடரும் தெலுங்கரும் 'என்ன' என்ற கேள்வியைக் கழற்றிவிட்டு வெறும் 'சொல்கிறார்க'ளை வைத்துக்கொண்டோம்.

சொல்கிறார்கள், சரி. யார்? அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

இந்தக் காலி இடத்தைக் காட்டத் தமிழில் ஒரு தனி ஏற்பாடு உண்டு, அதுதான் வாலில் வரும் 'ஆம்'. 'மழை பெய்கிறது' என்றால் நான் பார்த்துச் சொல்கிறேன். 'மழை பெய்கிறதாம்' என்றால் நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள். இதைக் குழந்தைக்கு யாரும் பாடமாக நடத்துவதில்லை. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்' என்று பாட்டி கதையைத் தொடங்கும்போதே அது காதில் ஏறிவிடுகிறது. நாலு வயதுப் பிள்ளைகூட 'மிஸ் சொன்னாங்களாம்' என்று சரியாகச் சொல்லும். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் முதலில் காணாமல் போவது இந்த 'ஆம்'தான். யாரிடமோ கேட்டது, நேரில் கண்டதுபோல் ஆகிவிடுகிறது. ஊடகத்தை அலசிப் பார்க்கக் குழந்தைக்குச் சொல்லித்தர நினைப்பவர்கள் பெரிய பெரிய கலைச்சொற்களுக்குப் போகும் முன் இதை வைத்து ஒரு விளையாட்டு ஆடலாம். வந்த செய்தியை ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் 'ஆம்' சேர்த்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். 'நாளை விடுமுறையாம். ஆட்சியர் அறிவித்தாராம்.' பாதிச் செய்தி அப்போதே ஆட்டம் காணும்.

வதந்திக்குத் தமிழ்ச் சொல் எது? சங்க இலக்கியம் படித்தவர்கள் உடனே 'அலர்' என்பார்கள். அழகான சொல். காதலரின் களவு, அதாவது ரகசியக் காதல், ஊரில் கிசுகிசுப்பாக அரும்பும்போது அம்பல், எல்லாரும் வாய்திறந்து பேசி அது மலர்ந்துவிட்டால் அலர். கூச்சலாகவே ஆகிவிட்டால் கௌவை என்றும் சொல்லலாம். திருக்குறளில் 'அலரறிவுறுத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் தலைவி புலம்புகிறாள்: நான் அவரைக் கண்டது ஒரே ஒரு நாள், ஊர்ப்பேச்சோ நிலவைப் பாம்பு விழுங்கிய செய்தி போலப் பரவிவிட்டது. கிரகணம் உலகமே பார்ப்பது அல்லவா, அந்த அளவுக்கு! ஒரு சின்ன உண்மை எப்படி ஊதிப் பெருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அலர் வதந்திக்கு ஈடாகாது. அலரின் அடியில் ஓர் உண்மை இருக்கிறது, அவள் காதலிப்பது நிஜம். வதந்திக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

அடுத்து 'புரளி'. வெடிகுண்டுப் புரளி என்று செய்தித்தாளில் படிக்கிறோம். இது பொய் என்று தெரிந்துபோனதற்கான பெயர். புரள், புரட்டு இவற்றின் பக்கத்துவீட்டுச் சொல். (இப்போது பிள்ளைகள் பொய் சொல்பவனை 'உருட்டுறான்' என்கிறார்கள். அன்றைய புரட்டும் உருளல், இன்றைய உருட்டும் உருளல். பொய் என்றாலே நமக்கு ஏனோ உருள்கிறது.)

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம், கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊரார் அடித்ததில் 65 வயதுப் பெண்மணி இறந்துபோனார். அந்த மாதங்களில் நாடெங்கும் சுற்றிய காணொளி ஒன்று உண்டு. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கைப் பலகையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் வெட்டிவிட்டார்கள். வெட்டியவர் செய்தது புரட்டு. பயந்துபோய்ச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிய அத்தை பரப்பியது வதந்தி. இரண்டையும் பொய்ச்செய்தி என்று ஒரே மூட்டையில் கட்டினால் அத்தைக்குக் கோபம் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. குடும்பக் குழுவில் பெரியவர்களிடம் 'புரளி கிளப்பாதீங்க' என்று பிள்ளைகள் சொல்வதைவிட 'இது யார் சொன்னதாம் அத்தை?' என்று கேட்பது வீட்டுக்கும் நல்லது.

பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் கேட்பார்களா? கேரளத்தின் கண்ணூரில் அதை நம்பித்தான் இறங்கினார்கள். 2017-ல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி பற்றி வாட்ஸ்அப்பில் கிளம்பிய பேச்சை நம்பிப் பெற்றோர் பலர் ஊசி வேண்டாம் என்றார்கள் (தமிழ்நாட்டிலும் அதே கதைதான் நடந்தது). அடுத்த ஆண்டு கண்ணூர் மாவட்ட நிர்வாகம் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் செய்தியைச் சரிபார்க்கும் வகுப்பை நடத்தியது. வகுப்பு பிள்ளைகளுக்கு, குறி வீட்டில் இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

சொல்லுக்கு வருவோம். வதந்தியை விரட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, பழகிவிட்டது. தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்றால், பொய் என்று நிரூபணமானதற்குப் புரளி. இன்னும் தெரியாததற்கு என் ஓட்டு 'கேள்விச் செய்தி'க்கு. 'கேள்விப்பட்டேன்' என்று தினமும் சொல்கிறோமே, அந்தக் கேள்வி. பழந்தமிழில் கேள்வி என்றால் காதால் கேட்பது, இன்று வினா. காதில் விழுவதற்கும் வினவுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், வதந்தி தொலைத்த 'கிம்' இதில் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்த ஆண்டும் படம் வந்தது. மகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தேதி சரி. ஆட்சியரின் சமூக ஊடகப் பக்கத்தில் தேடச் சொன்னேன், அறிவிப்பும் இருந்தது. பிறகுதான் மாவட்டத்தின் பெயரைக் கவனித்தாள். எங்களுடையது இல்லை. நோட்டை மறுபடி திறந்துகொண்டே முணுமுணுத்தாள்: "அவங்களுக்கு மட்டும் நிஜமாவே லீவாம்."