விபிஎன் போட்டதும் கணினிக்குள் என்ன நடக்கிறது?

உங்கள் இணையப் போக்குவரத்தைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி, இன்னொரு சர்வர் வழியாக அனுப்பும் ஏற்பாடுதான் விபிஎன். அப்படி மாற்றுவதன் பெயர் மறையாக்கம், விபிஎன் என்றாலே எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 256 பிட், ராணுவத் தரம் என்று விளம்பரங்களில் வேறு முழங்குவார்கள். ஆனால் வீட்டுக் கணினியில் விபிஎன்னைப் போட்டுவிட்டு, 'கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா ஒண்ணும் வர மாட்டேங்குது' என்று தலையைச் சொறிபவர்களுக்குப் பெரும்பாலும் கோளாறு மறையாக்கத்தில் இருக்காது. எந்தப் பாக்கெட் (இணையத்தில் போகும் தரவின் சின்னத் துண்டு) எந்த வழியாகப் போக வேண்டும் என்கிற கணக்கில் இருக்கும்.

இணைப்புப் பொத்தானை அழுத்தியதும், உங்கள் கணினியில் இன்னொரு நெட்வொர்க் கார்டு செருகியிருப்பதாக விபிஎன் மென்பொருள் விண்டோஸை நம்பவைக்கிறது. அப்படி ஒரு கார்டே கிடையாது, ஆனால் 10.8.0.6 மாதிரி அதற்கென்று ஓர் ஐபி முகவரி மட்டும் உண்டு. நிஜக் கார்டா பொய்க் கார்டா என்பதெல்லாம் பிரவுசருக்குத் தெரியாது. அது அனுப்பும் பாக்கெட் நேராக வைஃபைக்குப் போகாமல் விபிஎன் மென்பொருளின் கையில் வந்து விழும். மென்பொருள் அதை, போய்ச்சேர வேண்டிய முகவரி உட்பட, முழுசாக மறையாக்கம் செய்து, விபிஎன் சர்வரின் முகவரி எழுதிய இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து, இந்த முறை நிஜமான கார்டு வழியாக வெளியே அனுப்பும். கவருக்குள் கவர் வைத்துத் தபாலில் போடுகிற கதைதான். நடுவில் இருக்கும் பிராட்பேண்ட் நிறுவனத்துக்கு வெளிக்கவர் முகவரி மட்டும்தான் தெரியும்.

சரி, பாக்கெட்டுகள் ஏன் பொய்க் கார்டைத் தேடிப் போகின்றன? விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ரவுட் பிரிண்ட்' (route print) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். விபிஎன் இல்லாதபோது 0.0.0.0 என்று ஒரு வரி இருக்கும். வேறு எந்த வரியிலும் சிக்காத எல்லாவற்றையும் வீட்டு ரவுட்டரிடம் தள்ளிவிடு என்று அதற்கு அர்த்தம். ஓபன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருளில், எல்லாப் போக்குவரத்தும் விபிஎன் வழியாகவே போகும்படி அமைத்து இணைந்த பிறகு மறுபடி பாருங்கள். பழைய வரி பெரும்பாலும் அப்படியே இருக்கும், கூடவே இரண்டு புது வரிகள் வந்திருக்கும்: 0.0.0.0 முதல் 127.255.255.255 வரை ஒன்று, 128.0.0.0 முதல் கடைசி வரை இன்னொன்று. மொத்த இணையத்தையும் சரிபாதியாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் எது குறுகலானதோ அதுதான் ஜெயிக்கும் என்பது ரவுட்டிங்கின் அடிப்படை விதி, பாதி இணையம் முழு இணையத்தைவிடக் குறுகல், ஆகவே பழைய வரியைத் தொடாமலேயே அதை ஓரங்கட்டியாயிற்று. துண்டிக்கும்போது இந்த இரண்டையும் நீக்கிவிட்டால் எல்லாம் பழையபடி ஓடும். யோசித்தவர் கெட்டிக்காரர்.

இன்னொரு வரியும் சேர்ந்திருக்கும். விபிஎன் சர்வரின் முகவரிக்கு மட்டும் பழையபடி ரவுட்டர் வழியாகவே போ என்று சொல்லும் வரி அது. அது இல்லாவிட்டால் மறையாக்கம் செய்த பாக்கெட்டும் பொய்க் கார்டுக்கே திரும்பி வந்து, மறுபடி மறையாக்கமாகி, மறுபடி அங்கேயே வந்து சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பாதி இணைய வித்தை ஐபிவி4 என்ற பழைய முகவரி முறைக்கு மட்டும்தான். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் இப்போது ஐபிவி6 என்ற புது முறை முகவரியும் வருகிறது, அதற்கு வழி சொல்லாமல் விட்டுவிட்டால் பாதித் தளங்கள் விபிஎன்னுக்கு வெளியே, உங்கள் சொந்த முகவரியோடு ஜாலியாகப் போய்க்கொண்டிருக்கும். விபிஎன் ஓடுகிறதே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்.

புதிதாக அமைப்பவர்களுக்கு என் ஓட்டு வயர்கார்டு என்ற விபிஎன்னுக்குத்தான். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்த்துவிட்டார்கள், மொத்தமே சுமார் 4000 வரி நிரல். இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு சாவி ஜோடி, பொதுச் சாவியை மட்டும் பரிமாறிக்கொண்டால் போதும், பாஸ்வேர்டு கிடையாது. விண்டோஸின் விபிஎன் பட்டியலில் இருக்கும் பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறையின் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் வழக்கமாகப் பயன்படும் கடவுச்சொல் சரிபார்ப்பு முறையை ஒரே நாளில் உடைக்கலாம் என்று 2012லேயே காட்டிவிட்டார்கள்.

வயர்கார்டிலும் ஒரு தலைவலி வரலாம். சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய பக்கம் பாதியில் தொங்கும். வெளிக்கவருக்கும் இடம் வேண்டுமல்லவா? ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட். அதில் வயர்கார்டின் கவருக்கு ஐபிவி4-ல் 60, ஐபிவி6-ல் 80 போகும், அதனால்தான் அது எம்டியூவை, அதாவது உள்ளே வைக்கும் பாக்கெட்டின் உச்ச அளவை, 1420 என்று வைத்துக்கொள்கிறது. உங்கள் ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ வகை (பயனர்பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணைவது) என்றால் அங்கே ஏற்கெனவே 8 பைட் போயிருக்கும். எம்டியூவை 1412 ஆக்கிப் பாருங்கள், பல சமயம் அதோடு சரியாகிவிடும்.

காசு கொடுத்து வாங்கும் விபிஎன்னில், பிராட்பேண்ட் நிறுவனம் பார்த்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும், அவ்வளவுதான். வங்கித் தளத்தில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டை, பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவே மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் ஏற்கெனவே மறைத்துவிடுகிறது, அதற்காக விபிஎன் வாங்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை விபிஎன் நிறுவனங்கள் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது, சில பெரிய நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன.

வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியைத் தொடுவதற்கு வீட்டிலேயே விபிஎன் சர்வர் வைப்பதுதான் எனக்குப் பிடித்த பயன். முதலில் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. பொது முகவரியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐபிவி6 வழியாக முயல வேண்டும்.

அப்புறம், உங்கள் வீடும் நீங்கள் தங்கும் விடுதியும் 192.168.1 என்ற ஒரே எண்வரிசையில் இருந்தால், வீட்டில் இருக்கும் 192.168.1.20-ஐக் கூப்பிட்டால் கணினி அதை விடுதி வைஃபையிலேயே தேடும். அதனால் வீட்டு ரவுட்டரை 192.168.73 மாதிரி அதிகம் புழங்காத எண்ணுக்கு மாற்றிவிட்டு விபிஎன் வேலையைத் தொடங்குங்கள், எல்லாம் முடிந்தபின் மாற்றினால் ஒவ்வொரு கணினியிலும் போய் அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.